குற்றாலம் போகிற வழியில்...

சாரல் விழுந்ததும் திருநெல்வேலியில் தென்காசி ரயிலைப் பிடித்துக் குற்றாலத்துக்குக் கிளம்புகிறவரா நீங்கள்? வழியில் சேரன்மகாதேவி ஸ்டேஷன் வரும்போது ஜன்னல் வழியாக ஒரு நிமிஷம் எட்டிப் பாருங்கள். தமிழ்ச் சிறுகதைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் என்று பலரும் சொல்கிற வ.வே.சு. ஐயர் கடைசியாகக் குடியிருந்த ஊர் அது.

'அட, செங்கோட்டை வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கி சுடச் சொல்லிக் கொடுத்தவர்னு சொல்வாங்களே, அவரா?' என்று கேட்பீர்கள். அவரேதான். பாரிஸ்டர் படிக்க லண்டன் போனவர், போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு மாறுவேஷத்தில் 1910-ல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். வெளியே கால் வைத்தால் கைது. அந்த அடைபட்ட வாழ்க்கையில்தான் பேனாவை எடுத்தார். 1917-ல் அவருடைய முதல் கதைத் தொகுதி வந்தது: 'மங்கையர்க்கரசியின் காதல் முதலிய கதைகள்'.

தலைப்புக் கதை சோழர் காலத்தது. அதை இன்று யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பேசப்படுவது, 1915-ல் 'விவேகபோதினி'யில் வந்து இந்தத் தொகுதியிலும் சேர்ந்த 'குளத்தங்கரை அரசமரம்'. கதை சொல்வது ஒரு மரம்! ருக்மிணி என்ற சின்னப் பெண். அப்பாவின் பணம் வெள்ளைக்காரக் கம்பெனி திவாலானதில் போய்விடுகிறது. சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி 1906-ல் கவிழ்ந்து எத்தனையோ குடும்பங்களைத் தெருவில் நிறுத்தியிருந்தது. படித்தவர்களுக்கு அந்தக் காயம் ஆறியிருக்காது. பணம் போனதும் மாமியார் வீட்டின் முகம் மாறுகிறது. மகனுக்கு வேறு பெண் பார்க்கிறார்கள். புருஷனோ, சம்மதிப்பது போல் நடித்துக் கடைசி நிமிஷத்தில் பெற்றவர்களுக்குப் பாடம் புகட்ட நினைக்கிறான். பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லையா? சொல்லவில்லை. அவள் குளத்தில் விழுந்து செத்துப்போகிறாள்.

தாகூரின் கதை ஒன்றின் சாயல் இதில் உண்டு என்பார்கள், உண்மைதான். அதற்கு முன்பே செல்வகேசவராய முதலியாரின் 'அபிநவக் கதைகள்' வந்துவிட்டதே என்ற வழக்கும் உண்டு. பண்டிதர்கள் பேசிக்கொள்ளட்டும். எனக்கு உறுத்துவது வேறு.

வரதட்சணைக்கும் பணத்தாசைக்கும் பலியான பெண்ணுக்காக இப்படி உருகிய மனிதர், பிற்பாடு சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்தினார். காங்கிரஸ் பணம் கொடுத்தது. அங்கே இரண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும் தனிச் சாப்பாடு! பெற்றோர் போட்ட நிபந்தனை. ஐயருக்கு அதில் நம்பிக்கை இருந்ததில்லை என்கிறார்கள். இருக்கட்டும், 'முடியாது' என்று சொல்லியிருக்க வேண்டாமா? வரதராஜுலு நாயுடுவும் ஈ.வெ.ரா.வும் பொங்கி எழுந்தார்கள். தமிழ்நாடே இரண்டுபட்டது. 1925-ல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார்.

அதே வருஷம் ஜூன் மாதம், குழந்தைகளோடு பாபநாசம் அருவிக்குப் போனார். குற்றாலத்திலிருந்து கடையம் வழியாகப் போனால் அதிக தூரமில்லை. மேலே கல்யாண தீர்த்தம். ஓடையைத் தாண்டப் போன மகள் சுபத்திரை தவறி விழுந்துவிட்டாள். அப்பா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை, பின்னாலேயே குதித்தார்.

இருவருமே பிழைக்கவில்லை. ஐயருக்கு அப்போது வயது 44.