ஈரத்துணியும் பெண்ணுழைப்பும்: கந்தப்பளைத் தோட்டங்களிற் குழவிப் பராமரிப்பு

மலையகத் தோட்டங்களின் வரலாறு பெரும்பாலும் ஆவணங்களை வைத்திருந்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1869 இல் தோன்றிய இலைநோயாற் கோப்பி எவ்வாறு அழிந்தது, தேயிலை எவ்வாறு அதன் இடத்தைப் பிடித்தது, கங்காணியின் கடன் எவ்வாறு தொழிலாளியைப் பிணித்தது என்பன பற்றி நாம் விரிவாகவே அறிவோம். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டமும் 1964 இன் ஒப்பந்தமும் ஆய்வாளரின் கவனத்தைப் பெற்றுள்ளன. ஆனால் லயக் காம்பராவிற் பிறந்த ஒரு குழந்தை, பிறந்த நாள் தொட்டுத் தானாகவே மலசலகூடம் செல்லும் பருவம் வரை, யாரால், எத்துணியால், எந்நீராற் துப்புரவாக வைத்திருக்கப்பட்டது என்பது ஆய்வுக்குரிய வினாவாக அரிதாகவே கொள்ளப்பட்டுள்ளது. வினா அற்பமானதெனத் தோன்றலாம். அவ்வாறு தோன்றுவதற்கும் அவ்வேலையைச் செய்தோர் பெண்களாயிருந்தமைக்கும் தொடர்புண்டு என்பது எமது கருத்து.

கந்தப்பளை, நுவரெலியாவிலிருந்து இராகலை செல்லும் வழியில், கடல்மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேல் அமைந்த சிறு நகரம். நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு 1903 இலும் இராகலைக்கு 1904 இலும் திறக்கப்பட்ட ஒடுக்கமான புகையிரதப் பாதை இவ்வூரினூடாகவே சென்றது. அப்பாதை இன்றில்லை. பார்க், கோட்லொஜ், கொன்கோடியா முதலிய தோட்டங்கள் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் மழையும் மூடுபனியும் மிகுதி. ஆண்டின் தொடக்க மாதங்களில் உறைபனி விழுவதுமுண்டு. ஊர்ப்பெருமைக்காக இவற்றைக் கூறவில்லை. குளிரிற் குழந்தைக்கு ஈரம் ஆகாது. அதே குளிரிற் துணியோ எளிதிற் காயாது. இவ்விரண்டுக்குமிடையே அகப்பட்டவள் தாய்.

தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்தோர் தம்மோடு கொண்டுவந்த வழக்கம் எளியது. பச்சிளங் குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது. துவைத்துத் துவைத்து நைந்த பழஞ்சேலையே மெத்தென்றிருக்கும். அதைக் கிழித்துக் குழந்தையின் கீழ் விரிப்பர். சற்று வளர்ந்ததும் அரைஞாண் கயிற்றிற் கோவணமாகச் செருகுவர். வளையிற் கட்டிய சேலைத் தொட்டிலில் ஈரம் துணியூடு கீழே வடிந்துவிடும். ஆறு கெசச் சேலையை இரண்டடிச் சதுரங்களாகக் கிழித்தாற் பதினெட்டுத் துண்டுகள் வரை தேறும். பிறந்த குழந்தை நாளொன்றுக்குப் பதினைந்து, இருபது தடவை சிறுநீர் கழிப்பது இயல்பு. ஆகவே ஒரு சேலை என்பது ஒரு நாட் துணி. இன்று துவைத்தது நாளைக் காலைக்குட் காய்ந்தாக வேண்டும். மழைநாளில் அடுப்பின் மேற் கட்டிய கயிறே கதி. புகை நாற்றமேறிய அத்துணியைத்தான் குழந்தை அறியும். அதுவும் போதாதபோது, தோட்டத்திற் கடனுக்குக் கிடைத்த கம்பளியின் கிழிசல் துணையாயிற்று.

துணியைவிட முக்கியமானது தாயின் கவனம். கால்களை நீட்டியமர்ந்து, பாதங்களின் மேற் குழந்தையை இருத்தி, வாயால் ஒலியெழுப்பிச் சிறுநீரும் மலமும் கழிக்கச் செய்தல் தமிழ்த் தாய்மாருக்குக் கைவந்த முறை. குழந்தையின் முகக்குறியையும் நெளிவையும் கண்டு நேரமறிவர். இதனை நாகரிகமற்ற பழக்கமெனக் கருதுவோர் மேனாட்டு மருத்துவ உலகின் விவாதங்களை நோக்குதல் நன்று. பதினெட்டு மாதமளவிற் குழந்தையின் ஆயத்தத்தை அறிந்து பழக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் பிறேசெல்டன் 1962 இல் எழுதினார். கிழக்கு ஆபிரிக்காவின் டீகோ மக்கள் பிறந்த சில வாரங்களிலேயே பழக்கத் தொடங்கி, ஓராண்டு நிறையுமுன்பே வெற்றி காண்பதை டிவ்றீஸ் இணையர் 1977 இல் எடுத்துக்காட்டினர். ஆயத்தம் என்பது குழந்தையின் உடலை மட்டுமன்றிச் சமூக அமைப்பையும் பொறுத்தது என்பதே இதனாற் பெறப்படும். டீகோ முறைக்கு இன்றியமையாதது ஒன்றுண்டு: குழந்தையின் குறிப்பறிந்த ஒருவர் எந்நேரமும் அருகிலிருத்தல். தோட்டம் பறித்துக்கொண்டது அதனையே.

விடியலிற் பெரட்டுக்குத் தாமதித்தாற் பேர் இல்லை. 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் பிள்ளை பெற்றவளை நான்கு வாரங்களுக்கு வேலைக்கமர்த்தலாகாது என்றது. 1919 இன் சர்வதேசத் தொழிற் சமவாயம் ஆறு வாரம் கேட்டிருந்தது. நான்கு வாரக் குழந்தையின் குறிப்பை யார் அறிவார்? பிள்ளை மடுவத்து ஆயம்மா அறிந்திருக்கலாம். ஆனால் அவள் பொறுப்பிற் பல குழந்தைகள். மலையிற் கொழுந்தெடுக்க இயலாத முதியவளையே பெரும்பாலும் அப்பணிக்கு அமர்த்தினர். அங்கே பாதத்தில் இருத்திப் பழக்கும் முறை நடவாது. தொட்டில் நனைந்தால் மாற்றுவதே இயலும். பிள்ளை மடுவம் குழந்தைக்காகத் தோன்றிய நிறுவனமா, கொழுந்துக்காகத் தோன்றியதா என்ற கேள்விக்கு அது மலைக்குப் பெண்ணை விடுவித்த நேரமே விடை தருகிறது. மாலையிற் கொழுந்து நிறுத்துத் திரும்பியவளுக்கு, அன்றைய ஈரத்துணி மூட்டை காத்திருந்தது. பீலியடியில் அதனைத் துவைத்தவள் அவள். அல்லது பள்ளிக்கு அனுப்பப்படாத மூத்த மகள். அந்த மகளின் படிப்பும் இக்கணக்கிற் சேர வேண்டியதே.

இங்கு ஒரு முரணைச் சுட்டுதல் பொருந்தும். தோட்டத்தில் ஈரத்தை நீக்கும் நுட்பம் இல்லாமலில்லை. தொழிற்சாலையின் மேல்மாடிகள் அதற்கென்றே கட்டப்பட்டவை. பச்சைக் கொழுந்தின் எடையில் முக்காற் பங்குக்கு மேல் நீர். அதனைச் சாக்குத் தட்டுகளிற் பரப்பி, வெப்பக்காற்றைச் செலுத்தி, பன்னிரண்டு மணிநேரமும் அதற்கு மேலும் வாட்டினர். பெரும்பலகைத் தளங்களும் விசிறிகளும் அடுப்புகளும் இலைக்கு இருந்தன. அதே தோட்டத்து லயத்திலோ பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவே சமையலறையும் படுக்கையறையும் துணி காயும் இடமும். கந்தப்பளையின் ஹெதர்செற் தொழிற்சாலை பின்னர் மூடப்பட்டு, 1990களில் உல்லாசப் பயணிகளுக்கான விடுதியாயிற்று. கொழுந்து வாடிய மாடிகளில் இன்று விருந்தினர் உறங்குகின்றனர்.

குழந்தை நடக்கத் தொடங்கியதும் பிரச்சினை காம்பராவிலிருந்து வெளியே பெயர்கிறது. லயத்தின் முன்னே ஓடிய கானே சிறுபிள்ளைகளின் மலசலகூடமாயிற்று. 1916 இல் றொக்ஃபெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் மாத்தளையில் தொடங்கிய கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தோட்டத்து நிலம் அசுத்தமடைவதைக் கவனத்துக்குக் கொண்டுவந்தது. புழுவுக்கு மருந்தூட்டுவதைத் துரைமார் ஏற்றனர். நோய் தணிந்த தொழிலாளி கூடுதலாக உழைப்பான். மலசலகூடம் கட்டுவதோ செலவு; அதில் அத்தகைய ஆர்வம் காணப்படவில்லை. கந்தப்பளை போன்ற குளிர் மலைகளிற் கொளுக்கிப்புழுவின் குடம்பி மண்ணில் எளிதில் வளராது என்பது உண்மை. வட்டப்புழுவும் வயிற்றோட்டமும் அத்தகையன அல்ல. பச்சைக் குழந்தையின் மலம் தீங்கற்றது என்ற நம்பிக்கை இன்றும் பரவலாக உண்டு. கிருமியைப் பொறுத்தவரை அது தவறு. ஆயினும் தாயின் அறியாமையை மட்டும் காரணமாகக் காட்டுவது நேர்மையன்று. லயத்துக்கு அப்பால், இருளில், வளர்ந்தோர் அளவுக்குக் கட்டப்பட்ட குழியின் மேல் மூன்று வயதுப் பிள்ளை எவ்வாறு குந்தும்? கானைக் கழுவியவர் வாசக்கூட்டி. தோட்டத்தில் மிகத் தாழ்வாக மதிக்கப்பட்ட சாதியினரிடமே அவ்வேலை விடப்பட்டது. ஆகவே குழந்தையின் அழுக்கு முதலிற் பெண்ணின் மீதும், பின்னர் சாதியின் மீதும் சுமத்தப்பட்டது.

1975 இற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகின. பின்வந்த திருத்தச் சட்டம் முதலிரு குழந்தைகளுக்குப் பன்னிரண்டு வார விடுமுறை தந்தது. மூன்றாவது குழந்தைக்கு ஆறு வாரமே. இப்பாகுபாட்டை நீக்க 2018 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. மூன்றாவது குழந்தை குறைவாகவா நனைக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து வெளிநாட்டு உதவியுடன் பிள்ளை மடுவங்கள் திருத்தப்பட்டன; குழாய் நீரும் மலசலகூடங்களும் பெருகின. அவை இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் எனப்படுகின்றன.

துணியின் இடத்தை இப்பொழுது படிப்படியாக 'பம்பர்ஸ்' பிடித்து வருகிறது. 1961 இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஒரு பண்டத்தின் பெயர் மலையகத்தில் எல்லா வகைக்கும் பொதுப்பெயராகிவிட்டது. பயணத்துக்கும் மருத்துவமனைக்கும் மட்டுமென வாங்கத் தொடங்கி, மழைக்காலத்திற் தவிர்க்கவியலாததாகிறது. அதனைக் குறைகூற நாம் துணியோம். துவைக்கும் ஒரு மணிநேரத்தை அது தாய்க்கு மீட்டுத் தருகிறது, ஆனால் நாட்கூலியிலிருந்து விலையைக் கறந்துகொண்டு. பயன்படுத்தியதை எங்கே எறிவது? 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்து 33 ஆம் பிரிவு, சபைகளின் பணிகள் தோட்டக் குடியிருப்புகளுக்குள் நுழைவதற்குத் தடையாயிருந்தது. 2018 இலேயே அது திருத்தப்பட்டது. வாக்களித்துச் சபையைத் தெரிந்தெடுத்தோரின் குப்பையை அச்சபை அள்ளவியலாத நிலை முப்பதாண்டு நீடித்தது. சட்டம் திருந்திய பின்னரும் குப்பை வண்டி செல்லாத லயங்கள் உள்ளன. அங்கே நனைந்த பம்பர்ஸ், முன்னர் கோவணத்துணி துவைத்த நீர் ஓடிய அதே கானின் ஓரத்திற் கிடக்கிறது.