பஞ்சம் வெட்டிய கால்வாய்

சென்னைக்குச் சென்று மீளும் நம்மவர் பக்கிங்ஹாம் கால்வாயைப் பற்றிச் சொல்வதெல்லாம் அதன் துர்நாற்றத்தைத்தான். ஆயின் அக்கரிய நீர் ஒரு காலத்தில் கீழைக்கரையின் பெரும் சரக்குவழியாய் விளங்கியது. ஆந்திரத்தில் 257, தமிழகத்தில் 163, ஆக 420 கிலோமீற்றர் நீளம். உப்பும் நெல்லும் கிளிஞ்சற் சுண்ணாம்பும், சிறீகரிக்கோட்டாவிலிருந்து நகரின் அடுப்புகளுக்கு விறகும் அதன்வழி வந்தன. காற்று வீசினால் பாய், ஓய்ந்தால் கோல், அதுவும் இயலாவிடின் கரையிலே கயிறு பூட்டி இழுக்கும் மனிதத் தோள்கள்.

1806இல் பசில் கொக்ரேன் என்னும் வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர்வரை வெட்டுவித்ததே இதன் தொடக்கம். 1837இல் அரசு அதனை ஏற்றது. சென்னை நகருள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி எப்போது வெட்டப்பட்டது என்பதுதான் நம் கவனத்துக்குரியது. 1877-78: தென்னாட்டைச் சுடுகாடாக்கிய தாதுவருடப் பஞ்சக் காலம். நிவாரணம் என்ற பெயரால் பசித்தவர்கள் மண் சுமந்தனர். செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட சேர் றிச்சார்ட் ரெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு இறாத்தல் தானியமும் ஓர் அணாவும் போதுமென விதித்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையாளர் கோர்ணிஷ் கடுமையாக எதிர்த்த பின்னரே அப்படி உயர்த்தப்பட்டது. அதே ஆண்டுகளில் வேறு பலர் மண்டபக் கரையை நாடி, கடல் கடந்து, நமது நாட்டின் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்தனர். கால்வாய்க்கோ மாகாண ஆளுநரான பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் வாய்த்தது!

இத்துணை உயிர்விலை கொடுத்துப் பெற்ற நீர்வழி ஏன் நலிந்தது? இருப்புப்பாதை வேகமானது, ஆதலால் வென்றது என்பர். அது பாதி உண்மையே. இருப்புப்பாதைக் கம்பனிகளின் மூலதனத்துக்கு ஆண்டுக்கு 5 வீத வட்டியை அரசு உறுதி செய்திருந்தது. வருவாய் குறைந்தால் ஈடுசெய்தவன் இந்திய விவசாயி. நட்டமே இல்லாத முதலீட்டை இலண்டன் முதலாளி விடுவானா? கோதாவரி அணையைக் கட்டிய சேர் ஆதர் கொற்றன், பாய்ச்சலுக்கும் போக்குவரத்துக்கும் ஒருங்கே உதவும் வாய்க்கால்களே இந்நாட்டுக்கு வேண்டியவை என 1878இல் பாராளுமன்றத் தெரிவுக்குழுவின் முன் வாதாடினார். அவரை மக்கள் தோழராக்க நாம் முனையவில்லை. மஞ்செஸ்ரர் ஆலைகளுக்குப் பருத்தி செல்லும் வழியும் அவர் கணக்கில் இருந்தது. அதே 5 வீத உறுதியுடன் எழுந்த கர்நூல்-கடப்பைக் கால்வாய்க் கம்பனி தோல்வியுற்று, 1882இல் அரசின் கைக்கு வந்தமை அவர் வாதத்தையும் பலவீனப்படுத்தியது.

கால்வாய்க்கு வேண்டுவது இடையறாப் பராமரிப்பு. ஆற்று முகங்களை மணல் அடைக்கும். தூர்வாராவிடில் படகு தரைதட்டும். விடுதலைக்குப் பின்னரும் அவ்வேலை பின்தள்ளப்பட்டது. 1960களின் புயல்கள் கரைகளைச் சிதைத்தன. லொறிகள் மிச்சத்தை முடித்தன.

2008இல் இந்திய அரசு இக்கால்வாயையும் கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் பகுதிகளையும் சேர்த்துத் தேசிய நீர்வழி 4 என அறிவித்தது. ஆனால் சென்னை நகருள், 1995இல் ஓடத்தொடங்கிய பறக்கும் இரயிலின் தூண்கள் அக்கால்வாயின் நடுவிலேயே ஊன்றப்பட்டுள்ளன. சீரமைப்பு என்ற பேச்சு எழும்போதெல்லாம் அகற்றப்படுவன கரையோரக் குடிசைகள், தூண்கள் நிற்கின்றன.