பிளம் வில்லேஜ்

பிளம் வில்லேஜ், தென்மேற்கு பிரான்சின் தோர்தோன் வட்டாரத்தில் உள்ள பௌத்த மடாலயம். வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் (1926–2022), தம் நெடுநாள் உடன்பணியாளர் சான் கோங்குடன் சேர்ந்து 1982இல் நிறுவியது. மூச்சிலும் நடையிலும் பேச்சிலும் விழிப்போடிருக்கும் தியானப் பயிற்சியைப் பகை தணிக்கும் வழியாகவும் கையாள்வது இதன் தனித்தன்மை.

பின்னணி

வியட்நாம் போரில் அழிந்த கிராமங்களைச் சீரமைக்க, திக் நாட் ஹான் 1960களில் இளைஞர்களுக்கான சமூகசேவைப் பள்ளியைத் தொடங்கினார். எந்தத் தரப்பையும் சாராமல் போர்நிறுத்தம் கோரியதால் இரு தரப்பின் சந்தேகத்துக்கும் ஆளானார். 1966இல் சமாதானம் வேண்டி அமெரிக்கா சென்றவரால் 2005வரை தாயகம் திரும்ப இயலவில்லை. 1967இல் மார்ட்டின் லூதர் கிங் இவரை நோபல் அமைதிப் பரிசுக்குப் பரிந்துரைத்தார். அவ்வாண்டு அப்பரிசு எவருக்கும் வழங்கப்படவில்லை. தாயகம் திரும்ப இயலாத அந்தக் காலத்தில்தான் பிரான்சில் பிளம் வில்லேஜை நிறுவினார்.

பயிற்சி

மூச்சைக் கவனிப்பது பற்றிய ஆனாபானசதி, விழிப்பை நிலைநாட்டுவது பற்றிய சதிபட்டானம் ஆகிய பௌத்த சூத்திரங்கள் பயிற்சிக்கு அடிப்படை. மணி ஒலித்தால் நடப்பவர், பேசுபவர், காய் நறுக்குபவர் என எல்லாரும் நின்று மூச்சைக் கவனிப்பர். பிறகே கைவேலை தொடரும்.

மனத்தாங்கலைத் தீர்க்க, ‘புதிதாய்த் தொடங்குதல்’ என்னும் அமர்வு நடக்கிறது. வட்டமாக அமர்ந்திருப்போர் நடுவே ஒரு பூச்சாடி இருக்கும். பேச விரும்புபவர் அதை எடுத்துத் தம் முன் வைத்துக்கொள்வார். பூச்சாடி அவர் முன் இருக்கும்வரை எவரும் குறுக்கிடுவதில்லை. முதலில் பிறரின் நற்குணத்தைப் பாராட்டுவார். பின் தம் தவறுக்கு வருந்துவார். அதன் பிறகே தமக்கு நேர்ந்த வருத்தத்தைச் சொல்வார்.

சமாதானப் பணி

2000களின் தொடக்கத்திலிருந்து இஸ்ரேலியர், பாலஸ்தீனியர் குழுக்கள் இங்கு வந்து தங்கியுள்ளன. முதல் சில நாட்கள் அரசியல் பேச்சு இல்லை. மூச்சுப் பயிற்சியும் நடைத் தியானமும் மட்டுமே. கோபமும் அச்சமும் ஓரளவு தணிந்த பின்னரே ஒருவர் பட்ட துன்பத்தை மற்றவர் மறுப்புரையின்றிக் கேட்கும் அமர்வுகள் தொடங்கும். உடன்படிக்கை எழுதுவது இவற்றின் நோக்கமன்று. எதிர்த்தரப்பின் துயரைக் காதுகொடுத்துக் கேட்க முடிகிற நிலைக்கு வருவதே நோக்கம்.

பரவலும் விவாதமும்

அமெரிக்கா, ஜெர்மனி, தாய்லாந்து, ஹாங்காங் ஆகிய இடங்களிலும் இதன் கிளைகள் இயங்குகின்றன. உலகமயச் சூழலில் விழிப்புணர்வுப் பயிற்சி பெருநிறுவனங்களில் ஊழியர்களின் மன அழுத்தம் குறைக்கும் உத்தியாகச் சுருங்கிவிட்டது என்ற விமர்சனம் உண்டு. இதற்கு மாறாக, பிளம் வில்லேஜ் மரபு தியானத்தை ஐந்து ஒழுக்கப் பயிற்சிகளோடு சேர்த்தே கற்பிக்கிறது: உயிரைப் பேணல், சுரண்டாமை, பாலியல் பொறுப்பு, கனிவான பேச்சும் செவிமடுத்தலும், அளவறிந்த நுகர்வு.