கோஷா ஆஸ்பத்திரியும் ஒரு ஈஸ்ட் டப்பாவும்

கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

போன வாரம் என் தங்கை மகள் ஒரு படம் அனுப்பினாள். டப்பா நிறைய மஞ்சள் நிறத்தில், தவிடு மாதிரி ஏதோ ஒன்று. "பெரியம்மா, இது நியூட்ரிஷனல் ஈஸ்ட். இதைச் சாப்பிட்டாலே பி வைட்டமின் எல்லாம் கிடைச்சிடுமாம். வாங்கட்டுமா?" என்று கேட்டிருந்தாள். அவளுக்கு இப்போது மூன்றாம் மாதம். கல்யாணத்துக்கு முன்பே கறி, முட்டை மட்டுமல்ல, பால், தயிரையும் நிறுத்திவிட்டவள்.

உடனே பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. என் சின்ன அத்தை ஞாபகம் வந்துவிட்டது. நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, நாலாவது பிரசவத்தில் போய்ச் சேர்ந்தவள். கடைசி மாதங்களில் திண்ணைப் படி ஏறுவதற்கே மூச்சு வாங்கும். நகம், உதடு எல்லாம் வெளுத்துக் கிடக்கும். "உடம்புல ரத்தமே இல்ல, சோகை" என்று பெரியவர்கள் பேசிக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது. அதை விதி என்றுதான் எங்கள் வீட்டில் எடுத்துக்கொண்டார்கள்.

அந்த விதியை எதிர்த்து ஒரு பெண் மருத்துவர் நம் ஊர்ப் பக்கமே வந்து வேலை பார்த்திருக்கிறார். அவர் கையில் எடுத்ததும் ஈஸ்ட்தான். அந்தக் கதையைச் சொன்னால் தங்கை மகளுக்கும் பதில் கிடைத்துவிடும்.

அவர் பெயர் லூசி வில்ஸ். 1888இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் படித்துவிட்டு, பிறகு லண்டனில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியில் சேர்ந்து 1920இல் டாக்டரானார். 1928இல் பம்பாய்க்கு வந்தார். கர்ப்பிணிகள் சோகையால் இறப்பது ஏன் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. ஹாஃப்கைன் நிறுவனத்தில் ஆராய்ச்சி.

ரத்தத்தை எடுத்துப் பார்த்தால், அந்தப் பெண்களின் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் பெரிதாக இருந்தன. இரும்புச்சத்துக் குறைவில் அணுக்கள் சிறுத்துப் போகும். ஆகவே இது வேறு வகைச் சோகை. வில்ஸ் அடுத்ததாக, யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். மிகக் குறைவான சத்துள்ள உணவைச் சாப்பிட்ட ஏழை முஸ்லிம் பெண்களுக்குத்தான் இந்த நோய் அதிகம் வந்தது. அவர்கள் சாப்பிட்டது போன்ற உணவையே எலிகளுக்கும், பிறகு குரங்குகளுக்கும் கொடுத்துச் சோதித்தார்.

அந்தக் காலத்தில் கடுமையான ஒருவகைச் சோகைக்கு ஈரல் நல்ல மருந்து என்று அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி என்ற இருவர் 1926இல் காட்டியிருந்தார்கள். ஆனால் ஈரல் சாறு விலை கூடுதல். கூலி வேலை செய்கிறவள் எங்கே போவாள்? வில்ஸ் மலிவான பொருளைத் தேடினார். மார்மைட் கிடைத்தது. இங்கிலாந்தில் பீர் வடித்த பிறகு மிஞ்சும் ஈஸ்டிலிருந்து 1902 முதல் செய்துவந்த, கறுப்பாய், உப்புக் கரிக்கிற ஒரு பசை. ரொட்டியில் தடவித் தின்பார்கள். அதைக் கொடுத்ததும் பம்பாய்ப் பெண்களின் ரத்தம் ஊறியது. 1931இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இதை எழுதினார்.

நம் ஊர்ப் பக்கம் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். 1929இல் சில மாதங்கள் அவர் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்தார். 1931 தொடக்கத்தில் சென்னையில், திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனைதான் அது. என் பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு அங்கேதான் பிரசவம் ஆனது. குழந்தையைப் பார்க்க நானும் ஆரஞ்சுப் பழத்தோடு அந்த வராந்தாவில் காத்திருந்திருக்கிறேன். இப்படி ஒருவர் அங்கே நடமாடினார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஈஸ்டில் இருந்த அந்தப் பொருள் என்ன என்று வில்ஸுக்கே தெரியாது. நன்றாகச் சுத்திகரித்த ஈரல் மருந்துக்கு அடங்காத சோகை ஈஸ்டுக்கு அடங்கியது. ஆகவே இது வேறொரு சத்து என்பது மட்டும் தெளிவு. "வில்ஸ் காரணி" என்றே அதைக் குறிப்பிட்டார்கள். 1941இல் டெக்சாஸில் டன் கணக்கான பசலைக்கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். சில ஆண்டுகளில் லெடர்லி ஆய்வகத்தில் அதைச் செயற்கையாகவே தயாரித்தார்கள். அந்தக் குழுவை வழிநடத்தியவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர்.

இனி என் பழைய பிள்ளைகளிடம் ஒரு விஷயம். 2013 வாக்கில் நம் பள்ளியில் வாரம் ஒரு நாள் சத்துணவுக்குப் பிறகு ஒரு நீல மாத்திரை கொடுப்போமே, நினைவிருக்கிறதா? அதில் இரும்புச்சத்தோடு இந்த ஃபோலிக் அமிலமும் இருந்தது. உங்களில் சிலர் அதை நாக்குக்கடியில் வைத்திருந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் துப்பியது எனக்குத் தெரியும். மறுநாள் தொட்டி ஓரம் நீலமாகக் கிடக்கும். "கவர்மெண்ட் குடுக்குது, முழுங்கு" என்று அதட்டினேனே தவிர, ஏன் என்று ஒரு நாளாவது உட்கார வைத்துச் சொன்னேனா? இல்லை. தவறு என் பேரில்தான். அந்த மாத்திரைக்குப் பின்னால் என் அத்தையைப் போன்ற ஆயிரக்கணக்கான பெண்கள் இருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தால், துப்பியிருக்க மாட்டீர்கள்.

சரி, தங்கை மகள் கேள்விக்கு வருகிறேன். வீட்டில் யார் கேட்டாலும் இதைச் சொல்லுங்கள்.

1. நியூட்ரிஷனல் ஈஸ்ட் என்பது கரும்புப் பாகுக் கழிவு போன்றவற்றில் வளர்த்து, சூடாக்கி உயிரடக்கிக் காயவைத்த ஈஸ்ட். பேக்கரியில் ரொட்டி உப்பப் போடும் உயிருள்ள ஈஸ்ட் வேறு. அதை அப்படியே தின்னக் கூடாது. மார்மைட் இன்னொரு வகை. அதில் உப்பு அதிகம், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கவனம்.

2. மிக முக்கியம்: ஈஸ்ட் தானாக பி12 வைட்டமினைத் தயாரிக்காது. தயாரிப்பாளர் சேர்த்தால்தான் இருக்கும். டப்பாவின் பின்பக்கம் "ஃபோர்டிஃபைடு" என்றும், பி12 எத்தனை மைக்ரோகிராம் என்றும் போட்டிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அது பால்கூட ஒதுக்கியவர்களின் பி12 குறையைத் தீர்க்காது.

3. இதில் ஒரு ஆபத்தும் உண்டு. பி12 குறைவாக இருக்கும்போது ஃபோலிக் அமிலத்தை மட்டும் நிறையச் சாப்பிட்டால், ரத்தம் சரியானது போலத் தெரியும். உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே போகும். ஆகவே ரத்தப் பரிசோதனை செய்யாமல் நாமே வைத்தியம் பார்க்கக் கூடாது.

4. அடுப்பை அணைத்த பிறகு சுண்டல், உப்புமா, சூப் மேல் ஒரு ஸ்பூன் தூவினால் போதும். வெளிச்சம் படாமல், காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மூட்டில் யூரிக் அமிலத் தொந்தரவு உள்ளவர்களும், மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

5. கர்ப்பிணிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த ஃபோலிக் அமில மாத்திரைக்கு இந்த டப்பா மாற்று அல்ல. கரு உண்டான முதல் சில வாரங்களிலேயே குழந்தையின் முதுகுத்தண்டு, மூளை உருவாகிவிடும். கருத்தரிப்பதற்கு முன்பே ஃபோலிக் அமிலம் எடுத்தால் அந்தக் குறைபாடுகள் பெருமளவு தடுக்கப்படும் என்று 1991இல் ஒரு பெரிய ஆய்வு உறுதி செய்தது.

தங்கை மகளிடம் இதையேதான் சொன்னேன்: "ஆசைப்பட்டா வாங்கும்மா. லேபிள் பார்த்து வாங்கு. ஆனா முதல்ல பி12 டெஸ்ட் எடு. மாத்திரைய விடாதே." நேற்று ரிப்போர்ட் வந்தது. பி12 குறைவுதான். டாக்டர் ஊசி எழுதியிருக்கிறார். நல்லவேளை, இப்போதே தெரிந்தது.

லூசி வில்ஸ் 1964இல் காலமானார். கோஷா ஆஸ்பத்திரிப் பக்கம் இனி போனால், அவரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். இன்று உங்கள் வீட்டுப் பெண் பிள்ளை பள்ளியிலிருந்து மாத்திரை கொண்டுவந்தால், அதட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார வைத்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். நான் செய்யாமல் விட்டதை நீங்கள் செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்