பார்த்திபன் கனவு: மூலமும் நகலும்

போன வாரம் அமராவதிப் பாலத்துப் பக்கம் காலை நடை போகும்போது பழைய நண்பர் ஒருவர் பிடித்துக்கொண்டார். முந்தின நாள் ராத்திரி ‘பார்த்திபன் கனவு’ படத்தை முழுசாகப் பார்த்தாராம்.

“ஏனுங்க, கதையைக் கெடுத்துட்டாங்கன்னு அந்தக் காலத்துல சொல்லுவாங்களே. எனக்கு நல்லாத்தான் இருந்துது. நீங்க புஸ்தகமும் படிச்சவரு, படமும் பாத்தவரு. நீங்களே சொல்லுங்க” என்றார்.

நடந்துகொண்டே சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை, எழுதுகிறேன் என்றேன். நான் முப்பது வருஷத்துக்கு மேல் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவன். மூலப் பத்திரத்தையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுவதுதான் என் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில்தான் இதையும் பார்க்கிறேன்.

முதலில் மூலம். கல்கி இந்தக் கதையைத் தம் ‘கல்கி’ பத்திரிகையில் 1941-ல் தொடங்கி 1943 வரை தொடராக எழுதினார். அதே 1941-ல்தான் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று வந்தார், ஆனந்த விகடனை விட்டார், சதாசிவத்தோடு சேர்ந்து சொந்தப் பத்திரிகை ஆரம்பித்தார். நம் கொங்கு நாட்டுக்கு அவர் புதியவரும் இல்லை. அதற்கு முன்பே ராஜாஜியோடு திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் இருந்து, மதுவிலக்குக்காக ‘விமோசனம்’ பத்திரிகையில் வேலை செய்தவர்.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். மறந்தவர்களுக்காக ஒரு சுருக்கம். உறையூர்ச் சோழன் பார்த்திபன், காஞ்சிப் பல்லவருக்குக் கப்பம் கட்ட மறுத்து, தோற்போம் என்று தெரிந்தே போருக்குப் போகிறான். போவதற்கு முன் சோழ நாடு எப்படி இருக்க வேண்டும் என்று தான் கண்ட கனவைச் சித்திரங்களாகத் தீட்டி, மகன் விக்கிரமனுக்குக் காட்டுகிறான். வெண்ணாற்றங்கரையில் வீழ்ந்து கிடக்கும் பார்த்திபனிடம் ஒரு சிவனடியார் வந்து, உன் மகனை வீரனாக வளர்ப்பேன் என்று வாக்குக் கொடுக்கிறார். விக்கிரமன் வளர்ந்து கொடி உயர்த்துகிறான், பிடிபடுகிறான், கண்காணாத தீவுக்கு நாடு கடத்தப்படுகிறான். இதற்கிடையே பல்லவச் சக்கரவர்த்தியின் மகள் குந்தவியின் மேல் அவனுக்குக் காதல். அப்பாவைப் போரில் வீழ்த்தியவரின் மகள்! கடைசியில் அந்தச் சிவனடியாரே நரசிம்ம பல்லவர்தான் என்று தெரிகிறது.

இதைப் போர்க்காலக் காதல் கதை என்று இரண்டு விதமாகச் சொல்லலாம். கதைக்குள் நடப்பது ஏழாம் நூற்றாண்டுப் போர். கதை எழுதப்பட்டதும் ஒரு போருக்கு நடுவில். தொடர் வந்துகொண்டிருந்தபோதுதான் சிங்கப்பூர் விழுந்தது, ரங்கூன் விழுந்தது, பர்மா அரிசி நின்றுபோனது. 1942 ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ என்று நாடே கொந்தளித்தது. அந்த மாதம்தான் நம் கோவை ஜில்லாவில் சூலூர் விமானதளத்துக்குத் தீ வைத்தார்கள். அந்த நேரத்தில், கப்பம் கட்டமாட்டேன் என்று ஒரு சிற்றரசன் சொன்னால் அதைப் படித்தவன் யாரை நினைத்திருப்பான்? கல்கி எங்கேயும் வெள்ளைக்காரன் என்று எழுதவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

எங்கள் அய்யன் கடைவீதியில் சின்ன மளிகைக்கடை வைத்திருந்தார். பத்திரிகையை நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாங்குவார்கள். கடைசியில் பக்கங்களைக் கிழித்து பைண்டு செய்து வைத்தவர் அய்யன். நான் 1946-ல் பிறந்தவன், எனக்கு விவரம் தெரிந்தபோது அந்த பைண்டு எங்கள் வீட்டுச் சொத்து மாதிரி.

அதில் ஒரு அத்தியாயத்தை மட்டும் அய்யன் அப்பத்தாவுக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது வாசித்துக் காட்டுவார். அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. நிலா வெளிச்சத்தில் போர்க்களத்தில் பிணங்களுக்கு நடுவே சிவனடியார் தேடிக்கொண்டு வந்து, உயிர் போகும் நிலையில் இருக்கும் பார்த்திபனைக் கண்டுபிடிக்கிற இடம். வாசித்து முடித்ததும் அப்பத்தா எப்போதும் ஒரே கேள்விதான் கேட்கும்.

“அந்தச் சாமியாரு கடைசி வரைக்கும் பக்கத்துலயே இருந்தாரா?”

“இருந்தாருங்கம்மா” என்பார் அய்யன்.

காரணம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அய்யனுக்கு ஒரு தம்பி. பட்டாளத்தில் சேர்ந்து மலேயாவுக்குப் போனவர். 1942 பிப்ரவரி 15-ம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. அதற்கப்புறம் அவரிடமிருந்து கடிதமே இல்லை. காணாமற்போனார் என்று ஒரு காகிதம் மட்டும் வந்தது. அப்பத்தா சாகிற வரைக்கும் கருமாதி செய்ய ஒப்புக்கொள்ளவில்லை.

இனி நகல். படம் 1960-ல் வந்தது. டைரக்‌ஷன் டி.யோகானந்த். விக்கிரமனாக ஜெமினி கணேசன், குந்தவியாக வைஜயந்திமாலா, நரசிம்ம பல்லவராக எஸ்.வி.ரங்காராவ். இசை, பின்னாளில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களில் இந்தி மெட்டுகளுக்குப் பேர்போன வேதா. அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்று குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கமும் கிடைத்தது. கல்கி மட்டும் பார்க்கவில்லை. 1954 டிசம்பரிலேயே காலமாகிவிட்டார்.

நம்மூருக்குப் படம் வந்தபோது எனக்குப் பதினாலு வயது. சினிமாவுக்கே போகாத அய்யன், அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு எங்கள் எல்லோரையும் கீத்துக்கொட்டகைக்கு அழைத்துப் போனார். எனக்குப் படம் பிடித்திருந்தது. மன்னர் உடையும் குதிரையும் ஏ.எம்.ராஜா, பி.சுசீலா டூயட்டும் பதினாலு வயதுக்குப் போதாதா? ஆனால் போர்க்களம் முடிந்து கதை அடுத்த இடத்துக்கு நகர்ந்ததும் அப்பத்தா அய்யன் பக்கம் திரும்பி, “அவ்வளவுதானா?” என்று கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது. அய்யன் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது மட்டும், “சண்டை சீக்கிரம் முடிஞ்சு போச்சு. பாட்டுதான் முடியல” என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தீர்ப்பு அதுதான்: படம் கதையைக் கெடுத்துவிட்டது. நானும் ரொம்ப வருஷம் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ரிட்டயர் ஆன பிறகு நிதானமாக மறுபடி பார்த்தேன். இப்போது அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

முதலில் சிவனடியார் ரகசியம். புத்தகத்தில் அவர் யார் என்ற கேள்வியே நம்மை இழுத்துக்கொண்டு போகும். சந்தேகம் வந்தாலும் நிச்சயமாகத் தெரியாது. திரையில் அது நடக்கிற காரியமா? ரங்காராவின் ஆகிருதியையும் குரலையும் எந்தத் தாடி மறைக்கும்? கொட்டகையில் பின் பெஞ்சில் இருந்தவன்கூட உடனே பேரைச் சொல்லிக் கூவினான். இதற்கு டைரக்டரைக் குற்றம் சொல்லக்கூடாது. எழுத்தில் முகம் இல்லாமல் ஒரு ஆளை நடமாட விடலாம், படத்தில் முடியாது. ரகசியம் போனதற்குப் பதிலாக வேறொன்று கிடைத்தது. இவர்தான் சக்கரவர்த்தி என்று தெரிந்தே பார்க்கும்போது, எதிரியின் பிள்ளையைத் தன் பிள்ளையாகப் பார்க்கிற அந்தப் பெரிய மனிதரின் சங்கடம் முகத்தில் தெரிகிறது. ரங்காராவ் அதைச் செய்துகாட்டினார். பல்லவரைச் சாதாரண வில்லனாக்கிக் கைதட்டல் வாங்காமல் விட்டதும் இந்தப் படத்துக்குப் பெருமை.

இரண்டாவது காதல். புத்தகத்தில் காதல் மெதுவாகத்தான் வரும். கைதியாகப் போகிறவனை ஒரு பார்வை. பிறகு வருஷக் கணக்கில் பிரிவு. இரத்தின வியாபாரி வேஷத்தில் அவன் திரும்பி வந்து, ஜுரத்தில் விழுந்து, குந்தவி பார்த்துக்கொள்வது. அவன் திரும்பி வந்த காரணமே குலத்து வாளும் திருக்குறள் சுவடியும் இருக்கிற பெட்டிக்காகவும் தாயாருக்காகவும்தான். காதல் அதன் குறுக்கே வருகிறது. படத்தில் ஜெமினியும் வைஜயந்திமாலாவும் நிற்கும்போது காதல்தான் முன்னே வரும், மற்றது பின்னே போகும். ஜனங்கள் டிக்கெட் எடுத்ததும் அதற்குத்தான். உலகம் பூராவும் இப்படித்தான். மார்கரெட் மிட்செலின் அமெரிக்க உள்நாட்டுப் போர்க் கதையை 1939-ல் படமாக்கியபோதும் காதல்தான் முன்னே நின்றது. ஆனால் அதில் அட்லாண்டா ரயில்வே ஸ்டேஷனில் காயம்பட்டவர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் கிடப்பதைக் கேமரா மேலே மேலே போய்க் காட்டும் ஒரே ஒரு காட்சி உண்டு. போர் என்றால் என்ன என்பதை அந்த ஒரு காட்சி சொல்லிவிடும். நம் படத்தில் அப்படி மனதில் நிற்கிற ஒரு காட்சி எனக்குக் கிடைக்கவில்லை. அப்பத்தா தேடியதும் அதைத்தான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவதுதான் முக்கியம். விக்கிரமன் கடைசியில் சுதந்திரத்தை ஜெயித்து வாங்கவில்லை. சக்கரவர்த்தி கொடுக்கிறார். 1942-ல் கிரிப்ஸ் வந்து பேரம் பேசிவிட்டுப் போன வருஷத்தில் இதைப் படித்தவர்களுக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். கொடுத்து வாங்குவது சுதந்திரமா என்று கடைத் திண்ணையில் சண்டையே நடந்ததாம். அய்யன் சொல்லுவார். கல்கி இதை உணராமல் இல்லை. அதனால்தான் பார்த்திபன் கனவு விக்கிரமன் காலத்தில் முழுசாகப் பலிக்கவில்லை, முன்னூறு வருஷம் கழித்து ராஜராஜன், ராஜேந்திரன் காலத்தில்தான் பலித்தது என்று கதையை முடித்தார். 1960-ல் கொட்டகையில் இருந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. சுதந்திரம் வந்து பதிமூன்று வருஷம். கேள்வி போனதும் கதையில் மிச்சம் இருந்தது ஒரு ராஜகுமாரனும் ஒரு ராஜகுமாரியும்தான். இது படமெடுத்தவர்கள் செய்த பிழை இல்லை, காலம் மாறியதன் விளைவு.

சரித்திரம் பற்றியும் ஒரு வார்த்தை. நரசிம்மவர்மன் வாதாபியை வென்றது 642-ல். அது உண்மை. அப்போது சோழர்கள் அடங்கிக் கிடந்ததும் உண்மை. ஆனால் பார்த்திபன், விக்கிரமன், அந்தக் குந்தவி மூவரும் கல்கியின் கற்பனை. ஆகவே படம் சரித்திரத்தைத் திரித்துவிட்டது என்று கோபப்படுகிறவர்கள், மூலமே கற்பனைப் பத்திரம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆக, நண்பருக்கு என் பதில் இது. நகல் மோசமில்லை. மூலத்தில் உள்ள ஆட்களும் சம்பவங்களும் பெரும்பாலும் சரியாக இருக்கின்றன. எந்தத் தேதியில், எந்த அவசரத்தில் அந்தப் பத்திரம் எழுதப்பட்டது என்பதுதான் நகலில் இல்லை. படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு அந்தக் குறை தெரியாது. அவர்கள் சந்தோஷத்தை நாம் கெடுக்கவும் வேண்டாம். அய்யனும் அப்பத்தாவும் அதற்காகத்தான் கொட்டகைக்கு வந்தார்கள். கிடைக்காமல் திரும்பினார்கள். அதற்குப் படத்தின் மேல் பழி போட இத்தனை வருஷம் கழித்து எனக்கு இஷ்டமில்லை.

அந்த பைண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. தொட்டால் உதிர்கிறது. போர்க்கள அத்தியாயத்தில் மட்டும் இரண்டு பக்கம் இல்லை, அடிக்கடி புரட்டியதில் எங்கோ போய்விட்டது. கதை புத்தகக் கடையில் கிடைக்கும், அது எனக்குத் தெரியும். எனக்கு வேண்டியது தொடராக வந்த அந்தப் பக்கங்கள். வாசகர்களில் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் சொல்லுங்கள், நானே நேரில் வந்து நகல் எடுத்துக்கொள்கிறேன்.