எந்தப் படியால் அளப்பது?

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படாத ஆண்டுகளில், ஞாயிறு திருப்பலி முடிந்து கோயில் முற்றத்தில் கூடும் நம் மக்களிடையே ஒரு விவாதம் எழுவதுண்டு. மழை பொய்த்தது நம் பாவத்தால் என்பார் முதியவர். புவி வெப்பமடைவதால் என்பார் கல்லூரி மாணவர். மக்கள்தொகை மிகுந்துவிட்டது என்பார் வேறொருவர். இக்குரல்கள் புதியவை அல்ல. இவற்றை நம் முன்னோரும் கேட்டிருக்கின்றனர். அதற்குப் பெருவிலையும் கொடுத்திருக்கின்றனர்.

1876-இல் பருவமழை பொய்த்தது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் நினைவில் நின்ற அக்கொடுமையில், 1878-க்குள் சென்னை மாகாணத்தில் பல இலட்சம் பேர் மடிந்தனர். கற்றோர் வானத்தை நோக்கினர். சென்னையின் மழைப் பதிவுகளை ஆராய்ந்த வில்லியம் ஹண்டர், சூரியனின் கரும்புள்ளிகள் குறையும் காலத்தில் மழையும் குறைகிறது என்று 1877-இல் எழுதினார். வைசிராய் லிட்டன் பிரபுவோ, உணவைவிட மக்கள் விரைந்து பெருகுவதே இந்நாட்டின் இயல்பு என்றார். இக்கோட்பாட்டை வகுத்த மால்தஸ் ஓர் ஆங்கிலிக்கன் குரு என்பதைக் குருக்களாகிய நாம் மறப்பதற்கில்லை.

இதற்கிடையே இந்தியக் கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்றார் சர் ரிச்சர்டு டெம்பிள். உழைக்கும் உடலுக்கு அது போதாது என்று எதிர்த்து எழுதினார் மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். அவரும் அறிவியல் கற்றவரே. கரும்புள்ளிக் கொள்கை பின்னாளில் நிலைக்கவில்லை. பசிபிக் கடல் வெப்பமுறும் எல் நினோவே அவ்வறட்சியின் முதன்மைக் காரணம் என்பர் இன்றைய ஆய்வாளர். அறிவியல் தன்னைத் திருத்திக்கொண்டது. மாண்டவர் மீளவில்லை.

தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் அதே தீர்ப்பு மீண்டும் எழுதப்பட்டது. இந்தியாவைப் பஞ்சத்திலிருந்து காப்பாற்ற இயலாது என்று அமெரிக்கரான பேடாக் சகோதரர்கள் 1967-இல் ஒரு நூலில் அறிவித்தனர். அந்த ஆண்டுகளில்தான், 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த ஆடுதுறை 27 என்னும் குறுகியகால நெல் நம் குறுவை வயல்களில் பரவியது. தீர்ப்புப் பொய்த்தது.

ஆயினும், விளைச்சல் பெருகிய அதே தஞ்சை மண்ணில், கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட போராட்டத்தின் முடிவில், தலித் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். கீழ்வெண்மணி, 1968 டிசம்பர் 25. நாம் பாலன் பிறப்பைப் பாடிய இரவு அது. நெல் பெருகினால் மட்டும் பசி தீராது என்பதை அச்சாம்பல் நமக்குச் சொல்கிறது.

இன்று நிலைமை தலைகீழாகியுள்ளது. மக்கள்தொகை நிலைபெறப் பெண்ணொருவருக்குச் சராசரி 2.1 குழந்தைகள் வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் அது 1.8. எனினும் வானம் அமைதியுறவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் நம் தென்னைகளைச் சாய்த்தது. கடலோர நிலங்களில் உப்பு ஏறுகிறது. முன்பு ஏழைகள் மிகுதி என்று அஞ்சினோம். இன்று பிள்ளைகள் குறைவு என்று அஞ்சுகிறோம். இருமுறையும் தலைகளை எண்ணுகிறோமேயன்றி, பகிர்வை எண்ணுவதில்லை.

எகிப்தில் யோசேப்பு வறட்சியை முன்னறிந்து, விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமித்து, பஞ்சத்தில் களஞ்சியங்களைத் திறந்தார். ஆனால் அதன் முடிவில் மக்களின் நிலமெல்லாம் பார்வோனுக்குச் சேர்ந்ததையும் தொடக்கநூல் மறைக்கவில்லை. முன்னறிவும் இறைக்கொடையே. அது யாருக்காகப் பயன்பட்டது என்பதில்தான் நம் விசுவாசம் சோதிக்கப்படுகிறது.

ஆகவே அன்பர்களே, கோயில் முற்றத்து விவாதம் தொடரட்டும். முதியவரும் மாணவரும் பேசட்டும். அவர்களோடு நாமும் ஒரு கேள்வியைச் சேர்ப்போம்: வாய்க்காலில் தண்ணீர் வராத இந்த மாதத்தில், நடவு வேலை இழந்த குடும்பத்தின் பானையில் எத்தனை படி அரிசி இருக்கிறது?