ஆரோ கிராமத்து வைத்தியம்

மேற்கு ஆபிரிக்காவில் வாழும் யொருபா மக்கள் கடும் மனநோயை உடலிலே தோன்றும் கேடாக மாத்திரம் கருதினாரல்லர். சூனியம், சாபம், முன்னோரின் சினம் என்பனவும் அதற்குக் காரணமாகும் என நம்பினர். ஆதலின், பிணி தீர்க்க வரும் 'பபலாவோ' எனும் குறிசொல்லும் பூசகர் குடும்பத்தாரையும் விசாரிப்பார், பலியிடச் செய்வார், மூலிகையும் கொடுப்பார். அம்மூலிகைகளுள் ஒன்று இலங்கை வைத்தியரும் அறிந்த சர்ப்பகந்தியின் இனத்தைச் சேர்ந்தது. சர்ப்பகந்தியிலுள்ள றிசர்பின் எனும் மருந்துப்பொருளை மேனாட்டு விஞ்ஞானிகள் 1952இலேதான் பிரித்தெடுத்தனர்.

பிரித்தானிய ஆட்சியாளர் நைஜீரியாவில் 1906இல் பித்தர் பற்றிய கட்டளைச்சட்டத்தை இயற்றி, மறு ஆண்டு இலாகோஸ் நகரைச் சார்ந்த யாபாவில் ஒரு புகலிடம் நிறுவினர். புகலிடம் என்பது பெயரளவிலேதான். அங்கு முதன்மை பெற்றது காவலேயன்றி வைத்தியமன்று. சுற்றத்தார் சூழ இருந்து பேணப்பட்ட நோயாளி, அங்கே உற்றாரைப் பிரிந்து மதிலுக்குள் அடைபட்டான்.

இக்காலத்திலே ஆபிரிக்கரின் மனத்தைப் பற்றி ஐரோப்பியர் சிலர் விநோதமான கொள்கைகளைப் பரப்பினர். கென்யாவில் மனநோய் வைத்தியசாலையொன்றை நடத்திய கரொதர்ஸ் என்பார் எழுதி, உலக சுகாதார நிறுவனம் 1953இல் வெளியிட்ட நூலொன்றிலே, ஆபிரிக்கரிடை மனச்சோர்வு நோய் அரிது எனக் கூறப்பட்டது. வைத்தியசாலைக்கு வந்தோரை எண்ணி, வாராதோரைப் பற்றியும் முடிவு கட்டியது ஆராய்ச்சிக்கு அழகன்று.

இக்கொள்கையை எதிர்த்தவர்களுள் தலைசிறந்தவர் தோமஸ் அதெயோயே லம்போ. 1923இல் அபெயோக்குட்டா நகரிற் பிறந்த இவர், பேர்மிங்காமில் வைத்தியமும் இலண்டனில் உளநோய் வைத்தியமும் பயின்று தாயகம் மீண்டார். 1954இல் அந்நகரை அடுத்த ஆரோவில் வைத்தியசாலைப் பொறுப்பை ஏற்றபோது கட்டிடங்கள் முற்றுப்பெறவில்லை. லம்போ அதற்காகக் காத்திருந்தாரல்லர். சுற்றியிருந்த கிராமங்களின் தலைவர்களோடு பேசி, நோயாளரை அவ்வூர் வீடுகளிலே வாடகைக்குக் குடியமர்த்தினார். நோயாளியோடு தாயோ, உடன்பிறந்தாரோ, வேறோர் உறவினரோ ஒருவரேனும் வருதல் வேண்டும் என்பது விதி. அவரே சமைப்பார், துணி வெளுப்பார், வைத்தியசாலைக்கும் அழைத்துச் செல்வார். அங்கே மின் சிகிச்சையும் புதிய மருந்துகளும் அளிக்கப்பட்டன. மாலையில் நோயாளி கிராமத்துக்குத் திரும்பி, ஊராருடன் உழைத்தும் ஆடியும் பாடியும் வாழ்ந்தான். கிராமத்தார் வாடகைப் பணத்தோடு குழாய் நீர் முதலிய வசதிகளையும் பெற்றமையால், இவ்வேற்பாட்டை விரும்பி வரவேற்றனர். வெறும் இரக்கத்தின்மேற் கட்டிய திட்டம் நெடுநாள் நில்லாது என்பதை லம்போ அறிந்திருந்தார் போலும்.

இன்னுமொரு துணிவான செயலும் செய்தார். நாட்டு வைத்தியர்களைத் தம்முடன் சேர்த்து, நோயாளரின் கூட்டு நிகழ்ச்சிகளை நடத்தும் பொறுப்பினை அவர்களிடம் விட்டார். மேனாட்டுக் கல்வி பெற்றோர் பலர் இதனை இகழ்ந்தனர். பின்னர், கோர்ணெல் பல்கலைக்கழகத்தாருடன் கூடி அவர் நடத்திய கள ஆய்வு 1963இல் வெளிவந்தது. மனச்சோர்வுக்குத் தனிச்சொல் இல்லாத யொருபாக் கிராமங்களிலும் அதன் குறிகள் பரவலாகவே காணப்பட்டன.

நாட்டு வைத்தியம் எல்லாம் கனிவுடையதெனக் கொள்ளலாகாது. பூசகர் இல்லங்கள் பலவற்றில் நோயாளர் விலங்கிடப்பட்டனர், அடிக்கப்பட்டனர், பட்டினி போடப்பட்டனர். விலங்கிடும் வழக்கம் நைஜீரியாவில் இந்நூற்றாண்டிலும் முற்றாக மறையவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 1968 அளவில் ஒன்பது நாடுகளிலே மனச்சிதைவு நோய் பற்றிய ஆய்வைத் தொடங்கியது. இபாதானும் ஆக்ராவும் அதன் நிலையங்களுள் இரண்டு. ஈராண்டு கழித்து நோயாளரை மீண்டும் பார்த்தபோது, செல்வம் மிக்க நாடுகளின் நோயாளரிலும் நைஜீரிய, இந்திய நோயாளர் நலமுற்றிருந்தனர். கூட்டுக் குடும்பமும் வயல்வேலையும் காரணமெனப் பலர் கூறினர். நோயாளரைத் தெரிந்தெடுத்த முறையிலேயே வேறுபாடு இருந்திருக்கலாம் எனப் பின்வந்த ஆய்வாளர் ஐயுற்றனர். அவ்வாதம் இன்னும் ஓயவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் துணைத் தலைமை இயக்குநராகவும் பணியாற்றிய லம்போ 2004இல் மறைந்தார்.